சொந்த போனில் ஊரார் ஆதார்: எந்த வேலியைப் போடுவது?

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பம் எழுத எங்கள் களப்பணியாளர் அக்கா உட்கார்ந்திருக்கிறார். எதிரே இருக்கும் அம்மா, சுருட்டி வைத்திருந்த மஞ்சள் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார்: குடும்ப அட்டை, ஆதார், மீனவர் அடையாள அட்டை, உப்புக் காற்றில் ஓரம் மொடமொடத்துப்போன வங்கிப் பாஸ்புக். அக்கா தன் போனை எடுத்து நான்கையும் படம் பிடிக்கிறார். அந்த அம்மா காகிதங்களை மறுபடி பையில் போட்டுச் சுருட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் பத்திரமாக வைக்கிறார்.

அன்று மாலை அலுவலகத்தில் அந்தப் படங்களைக் கணினிக்கு மாற்றுவதற்காக அக்காவின் கேலரியைத் தள்ளிக்கொண்டே போனேன். மகளின் பிறந்தநாள் கேக், ஆதார், ஆதார், வெயிலில் காயும் நெத்திலி, பாஸ்புக், பள்ளிக்கூட வீட்டுப்பாடம், கைரேகை வைத்த ஒரு மனு, மறுபடி கேக். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைக்கப்பட்ட அத்தனையும் இங்கே திறந்து கிடந்தன. போதாததற்கு, எடுக்கும் படமெல்லாம் தானாக அக்காவின் சொந்த கூகுள் கணக்குக்கும் போய்க்கொண்டிருந்தது. அக்கா செய்த தவறு என்று இதில் எதுவும் இல்லை. வேறு எப்படிச் செய்வது என்று நாங்கள் அவருக்குச் சொல்லித்தரவே இல்லை.

மீனவக் குடும்பங்களுக்கு உதவும் எங்கள் சிறிய அமைப்பின் அலுவலகம் மண்டபத்தில் இருக்கிறது. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையிலான கடற்கரை ஊர்களில் 11 களப்பணியாளர்கள். எல்லோரும் பயன்படுத்துவது அவரவர் சொந்த போன். ஒன்பது பேரிடம் நடுத்தர விலை ஆண்ட்ராய்டு. இருவரிடம் வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன், மச்சான் வாங்கிக்கொடுத்த ஐபோன். இவை தவிர அலுவலகத்தில் இரண்டு கணினிகளும், முகாம்களுக்கு எடுத்துப்போகும் ஒரு டேப்லெட்டும் உண்டு. கணக்கு வழக்கோடு இந்தக் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

சென்ற ஆண்டு களப்பணியாளர் தம்பி ஒருவர் ஏர்வாடியிலிருந்து ராமநாதபுரம் வரும் பஸ்ஸில் போனைத் தவறவிட்டார். மூன்றாம் நாள், அதைக் கண்டெடுத்த பெரியவர் ஒருவர் தானே அழைத்துக் கொடுத்துவிட்டார். திரைப்பூட்டுகூடப் போடாத போன் அது. கிடைக்கும் வரை, அதில் யார் யாருடைய ஆவணங்கள் இருந்தன என்று பட்டியல் எழுத உட்கார்ந்தோம். எழுத முடியவில்லை. எத்தனை பேருடையவை என்றுகூட எங்களால் சொல்ல முடியவில்லை. போன் திரும்பிவிட்டது என்பதைவிட, அந்தப் பட்டியலை எழுத முடியாமல் போனதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. அதன் பிறகு சில மாதங்கள் எங்கள் முன்னிருந்த வழிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். இதே கடற்கரையில் மகளிர் குழுக் கூட்டமைப்பு, கூட்டுறவுச் சங்கம், மீன் வாங்கும் கம்பெனி, சிறு மருத்துவமனை என்று நடத்துகிறவர்களுக்கும் இதே கேள்வி இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அன்றிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகவலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கும் நிறுவனம்தான் அதற்குப் பொறுப்பு. அந்தத் தகவல் பணியாளரின் சொந்த போனில் இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. தகவல் கசிந்தால் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் உடனே சொல்லிவிட்டு, விரிவான விவரத்தை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டதற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு அந்தப் பெருந்தொகையைவிட முதல் கடமைதான் பாரம். யார் யாருக்குத் தெரிவிப்பது என்ற பட்டியலே கையில் இல்லாதவர்கள் அல்லவா நாங்கள்?

எங்களிடம் இருக்கும் தகவல் எல்லாம் ஒரே எடை கொண்டதும் இல்லை. சின்னப்பாலத்திலும் சம்பையிலும் பாசி எடுக்கும் பெண்களின் குழுக் கணக்கு, வருகைப் பதிவு போன்றவை ஒரு வகை. நிவாரண விண்ணப்பங்களோடு வரும் ஆதார், வங்கிக் கணக்கு எண்கள் அடுத்த வகை. தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். அந்த நாட்களில் கையில் காசில்லாத வீட்டுக்கு, ‘உங்களுக்கு நிவாரணப் பணம் வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்’ என்று பெயரும் கணக்கு எண்ணும் சரியாகச் சொல்லி ஒருவன் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்? மூன்றாவது வகை எல்லாவற்றிலும் கனமானது. இலங்கைக் கடற்படையிடம் சிக்கியவர்களின் குடும்பங்கள் கொண்டுவந்து கொடுக்கும் காகிதங்கள்: படகுப் பதிவு, கூடப் போனவர்களின் பெயர்கள், கடைசியாகப் பேசிய நேரம், கடன் விவரம், சில சமயம் மனைவி அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவு. அது ஊர்க் குழுவில் சுற்றக்கூடாது, வட்டிக்காரர் கையில் கிடைக்கக்கூடாது.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

எழுதிவைத்த விதி மட்டும்

செலவே இல்லாத வழி இது. ‘ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது, வேலை முடிந்ததும் படத்தை அழிக்க வேண்டும், போனுக்குப் பூட்டு போட வேண்டும்’ என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மற்ற எந்த வழிக்கும் அடித்தளம் இந்த ஒரு பக்கம்தான். ஆனால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை நாங்களே பட்டுத் தெரிந்துகொண்டோம். அலைச்சலோடு வீடு திரும்புகிறவருக்குப் படத்தை அழிப்பது நினைவில் நிற்காது. வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவரிடமிருந்து பெறுகிறவர் வரை குறியாக்கத்தோடு போகிறது, அது உண்மை. இரண்டு முனையிலும் அந்தப் படம் கேலரியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அதுவும் உண்மை. தானாக மறையும் செய்தி என்று வைத்தாலும், ஏற்கெனவே கேலரியில் இறங்கிவிட்ட படம் மறைவதில்லை.

அலுவலகமே போன் வாங்கிக் கொடுப்பது

இதில் போன் முழுவதும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும். புதிய ஆண்ட்ராய்டு போனை முதல் முறை திறக்கும்போது வரவேற்புத் திரையில் ஆறு முறை தட்டினால் கியூஆர் குறியைப் படிக்கச் சொல்லும். அதைக் காட்டியதும் போன் நிறுவனத்தின் பெயரில் பதிவாகிவிடும். எந்தச் செயலி இருக்கலாம், எது இருக்கக்கூடாது, பூட்டு எத்தனை இலக்கம் என்று எல்லாவற்றையும் இங்கிருந்தே முடிவு செய்யலாம். தொலைந்தால் போனை முழுவதுமாக அழித்துவிடலாம். பாதுகாப்பை மட்டும் பார்த்தால் இதற்கு மேல் ஒன்றில்லை.

பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் என்று வைத்தாலும் 11 பேருக்கு 1,32,000 ரூபாய். மாதக் கட்டணம் தனி. இந்தத் தொகையையும் எப்படியாவது திரட்டிவிடலாம். திரட்ட முடியாதது பழக்கம். இரண்டு போன் வைத்திருப்பவரின் இரண்டாவது போன் சார்ஜ் இல்லாமல் வீட்டு அலமாரியில்தான் கிடக்கும். திண்ணையில் அவசரமாக ஒரு காகிதத்தைப் படம் எடுக்க வேண்டும் என்றால் கை போவது சொந்த போனுக்குத்தான். எங்கள் டேப்லெட் விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அது யாருக்கும் சொந்தமில்லாத கருவி. முகாமில் பத்துக் கைகளுக்கு மாறுகிறது. அதை முழுக் கட்டுப்பாட்டில்தான் வைக்க வேண்டும், வேலைக்கான இரண்டு செயலிகளைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி.

சொந்த போனுக்குள் தனி அறை

ஆண்ட்ராய்டில் ‘ஒர்க் புரொஃபைல்’ என்ற ஏற்பாடு 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரே வீட்டுக்குள் தனிச் சாவியோடு ஓர் அலுவலக அறை கட்டுவது போன்றது. வேலைச் செயலிகள் சிறிய பெட்டி அடையாளத்தோடு தனியாக நிற்கும். அந்த அறைக்குள்ளேயே கேமராவும் வைக்கலாம். அதில் எடுத்த படம் அங்கேயே தங்கும், குடும்பக் கேலரிக்கு வராது. மாலை வேலை முடிந்ததும் அந்தப் பகுதி முழுவதையும் நிறுத்திவைக்கலாம். பணியிலிருந்து விலகும்போது அந்த அறையை மட்டும் இடித்துவிடலாம்; மகளின் பிறந்தநாள் படம் பத்திரமாக இருக்கும். அறைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நிறுவனத்தால் பார்க்க முடியாது.

எண்ணத்தளவில் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். நடைமுறையில் இரண்டு இடத்தில் இடித்தது. நினைவகம் நிரம்பி வழியும் மலிவு விலை போன்களில் ஒரே செயலி இரண்டு முறை உட்கார்ந்ததும் போன் திணறியது. சோதனைக்கு ஒத்துக்கொண்ட மூவரில் ஒருவர் பத்தாம் நாளே எடுத்துவிடச் சொன்னார். அடுத்தது, ஐபோனில் இப்படிக் கண்ணுக்குத் தெரியும் தனி அறை கிடையாது. இருவருக்காக வேறொரு முறையை நான் தனியாகக் கற்றுப் பராமரிக்க வேண்டும். பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டில்லை. ஒரே ஆள் பார்க்கும் அலுவலகத்துக்கு அது பெரிய சுமை.

செயலிக்கு மட்டும் வேலி

போனைப் பதிவு செய்யவே வேண்டாம். பணியாளர் தன் போனில் அலுவலகக் கணக்கைக் கொண்டு திறக்கும் செயலிகளுக்கு மட்டும் விதி போடுவது இந்த வழி. போன்களையும் செயலிகளையும் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் என்ற சேவை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அவுட்லுக், டீம்ஸ், ஒன்டிரைவ் போன்ற செயலிகளுக்குள் அலுவலகக் கணக்கில் இருக்கும் தகவலை வெளியே சேமிக்க முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, சொந்த கூகுள் கணக்குக்கு பேக்கப் ஆகாது என்று கட்டிவிடலாம். செயலியைத் திறக்கத் தனிப் பின் எண் கேட்க வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன்ஷாட்டையும் தடுக்கலாம். ஆள் விலகினாலோ போன் தொலைந்தாலோ அலுவலகத் தகவலை மட்டும் அழிக்கக் கட்டளை அனுப்பலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஒரே சிந்தனை, ஏறக்குறைய ஒரே விதிகள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த விதிகளுக்குக் கட்டுப்படும்படி எழுதப்பட்ட செயலிகளில் மட்டுமே இது வேலை செய்யும். பணியாளர் பழைய பழக்கத்தில் போன் கேமராவைத் திறந்து படம் எடுத்தால் வேலி எதுவும் கிடையாது. அதனால் ஒன்டிரைவ் செயலிக்கு உள்ளேயே இருக்கும் ஸ்கேன் வசதியைப் பழக்க வேண்டியிருக்கிறது. அதில் பிடித்த காகிதம் கேலரிக்குப் போகாமல் நேராக அலுவலகக் கோப்புறையில் சேரும். அழிக்கும் கட்டளையும் செயலி இணையத்தோடு பேசும்போதுதான் நிறைவேறும். இதற்கு உரிமக் கட்டணமும் உண்டு, ஆளுக்கு மாதாமாதம். இன்னொன்று, போனைப் பதிவு செய்யாவிட்டாலும் ஆண்ட்ராய்டில் ‘கம்பெனி போர்ட்டல்’ என்ற செயலி நிறுவப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பெயரைப் பார்த்ததுமே எங்கள் ஆட்களுக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காசே இல்லாத அமைப்புக்கு இன்னொரு படி இருக்கிறது. தகுதி பெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் என்ற அலுவலக மின்னஞ்சல், கோப்புச் சேவை இலவசமாகக் கிடைக்கிறது. அதன் அடிப்படை மேலாண்மையிலேயே திரைப்பூட்டைக் கட்டாயமாக்கலாம், போனில் இருக்கும் அலுவலகக் கணக்கைத் தொலைவிலிருந்து நீக்கலாம். நகலெடுத்து ஒட்டுவதை அது தடுக்காது. ஆனாலும் வெறும் காகித விதியைவிட எத்தனையோ மேல். இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டும், பணமில்லை என்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இந்தக் கடற்கரைக்கு ஏற்ற அளவுகள்

எந்த வழியைத் தேர்ந்தாலும், அதன் அளவுகளை யாரோ எங்கோ குளிரூட்டிய அலுவலகத்தை மனதில் வைத்துத்தான் முன்கூட்டியே போட்டிருப்பார்கள். அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரே வாரத்தில் பணியாளர்கள் வெறுத்துவிடுவார்கள். பிறகு வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார்கள். இதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

முதலில் கைரேகை. பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் நீரில் இறங்குகிறார்கள். அப்படியும் பாறையும் சிப்பியும் கிழித்து விரல் நுனி தேய்ந்துபோயிருக்கும். எங்கள் குழுத் தலைவிகளில் சிலர் இன்றும் பாசிக்குப் போகிறவர்கள். கைரேகை மட்டும் என்று வைத்தால் அவர்கள் தினமும் பூட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஆறு இலக்கப் பின் எண்ணை முதன்மையாகவும் கைரேகையை விருப்பமாகவும் வைத்தோம். 123456 போன்ற எளிய எண்களை ஏற்காதபடி ஒரு விதி உண்டு, அதையும் போட்டோம். செயலியை அரை மணி நேரம் தொடாமல் விட்டால் மறுபடி கேட்கும். அந்த இயல்பளவை மாற்றவில்லை.

அடுத்தது இணையம் இல்லாத நேரம். செயலி குறிப்பிட்ட நேரம் வரை இணையத்தைப் பார்க்காவிட்டால், மறுபடி இணையத்தில் சரிபார்க்கும் வரை திறக்காது. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் என்பது தாராளம். எங்கள் ஊர்க் குழுக்களில் இருக்கும் ராமேஸ்வரம் விசைப்படகுக்காரர்களோ திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள்தான் கரை திரும்புகிறார்கள். குழுக் கணக்கைப் பார்க்கும் இருவர் அவர்களில் உண்டு. 24 மணி நேரம் என்று வைத்தால், களைத்துக் கரையேறும் அந்த நேரத்தில்தான் செயலி முகத்தில் கதவைச் சாத்தும். 48 மணி நேரமாக்கினோம்; அமைப்புத் திரையில் அதை நிமிடங்களில் கேட்கும், 2,880 என்று எழுத வேண்டும். இதற்கு அடுத்த கட்டமாக, 90 நாள் இணையமே பார்க்காமல் கிடந்தால் மறுபடி கடவுச்சொல் கேட்கும். சரியாக உள்நுழைய முடியாவிட்டால் அலுவலகத் தகவலை அழித்துவிடும். தடைக்காலமே 61 நாள்தான் என்பதால், அந்த இடைவெளியில் போனைத் தொடாதவர்கள்கூட எதையும் இழக்கமாட்டார்கள். 90ஐ அப்படியே விட்டோம்.

நகலெடுப்பதை முழுவதும் தடுத்துப் பார்த்தேன். மறுநாளே தப்பு என்று தெரிந்தது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஐஎஃப்எஸ்சி குறியீட்டை நம் கோப்பில் ஒட்ட முடியாமல் கையால் தட்டெழுதி, ஓர் எழுத்து மாறி, பணம் திரும்பிப் போகும் நிலை வந்தது. வெளியிலிருந்து உள்ளே ஒட்டலாம், உள்ளிருந்து வெளியே முடியாது என்ற இடைநிலை அளவு ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அதுவே சரி.

தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது விசைப்பலகை. நாம் தட்டெழுதும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகைச் செயலி வழியாகத்தான் போகிறது. அதனால் எவை எவை அனுமதி பெற்றவை என்று பட்டியல் போடும் வசதி இருக்கிறது. அந்தப் பட்டியலைக் கவனமில்லாமல் போட்டால் பணியாளர்களால் தமிழே எழுத முடியாமல் போய்விடும். எங்கள் ஆட்கள் பயன்படுத்தும் ஜிபோர்டையும் செல்லினத்தையும் சேர்த்தோம். ஐபோனில் வெளி விசைப்பலகைகளைத் தடுத்தாலும் அதிலேயே உள்ள தமிழ் விசைப்பலகை வேலை செய்யும்.

ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்புக்குக் கீழே அனுமதி இல்லை என்று முடிவு செய்யும்போது எனக்கு மனசாட்சி குத்தியது. விலை குறைந்த போனுக்குப் புதுப்பிப்பு சீக்கிரமே நின்றுவிடுகிறது. அளவை உயர்த்தினால் குறைந்த சம்பளக்காரர்தான் முதலில் வெளியே நிற்பார். முதலில் எச்சரிக்கை மட்டும், ஆறு மாதம் கழித்துத் தடை என்று வைத்து, அந்த ஆறு மாதத்துக்குள் பழைய போன்காரர்கள் மூவருக்கு அலுவலகம் பாதி விலை தருவது என்று முடிவானது. ரூட் செய்யப்பட்ட, அதாவது உள்ளே இருக்கும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டை உடைத்துத் திறந்த போனுக்கு மட்டும் எந்தச் சலுகையும் இல்லை.

‘என் போட்டோவை ஆபீஸ் பார்க்குமா?’

கம்பெனி போர்ட்டல் பற்றிச் சொல்ல வந்தேன். அந்தச் செயலியை நிறுவச் சொன்னபோது தங்கச்சிமடத்து அக்கா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: “தம்பி, என் மகள் படிக்கிற போன் இது. என் வீட்டுக்காரர் பேசுவதும் இதில்தான். ஆபீஸ் இதில் எதைப் பார்க்கும்?”

நியாயமான கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொன்னது மீனவ மக்களுக்கும் எங்கள் பணியாளர்களுக்கும் சேர்த்துத்தான். ஊராரின் ஆதாரைக் காக்கிறேன் என்று அக்காவின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்க எனக்கு உரிமை இல்லை. நான் வாயால் விளக்கவில்லை. நிர்வாகத் திரையையே அவர் முன் திறந்து காட்டினேன். அவர் பெயர், போன் வகை, ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்த அலுவலகச் செயலி கடைசியாக எப்போது இணைந்தது. அவ்வளவுதான் அதில் இருந்தது. படங்கள் எங்கே என்று கேட்டார். இதில் வராது அக்கா என்றேன். அழைப்புகள்? அதுவும் வராது. திரையைத் தன் விரலாலேயே மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் நிறுவச் சம்மதித்தார். அதன் பிறகு 11 பேருக்கும் அதே திரையைக் காட்டினேன். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

எங்கள் முடிவு

ஒன்பது பேருக்கு சொந்த போனிலேயே செயலி வேலி. டேப்லெட்டுக்கு முழுக் கட்டுப்பாடு. மீதமுள்ள இருவர் சிறைப்பட்டவர்களின் குடும்பங்களோடு வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு மட்டும் அலுவலகம் போன் வாங்கிக் கொடுத்தது. 24,000 ரூபாய் ஆயிற்று. பாதுகாப்பு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அந்த எண். கணவர் கடலில் பிடிபட்ட இரவில் ஒரு பெண் கூப்பிடும் எண், பணியாளர் வேலை மாறிப் போனாலும் மாறாமல் இருக்க வேண்டும். கடைசியாக வந்த குரல் பதிவும் அவரோடு போய்விடக்கூடாது. இந்த இருவரும் இரண்டாவது போனை அலமாரியில் வைத்துவிடுவார்களோ என்று நான் பயந்தேன். அந்தப் போன் இரவிலும் அடிக்கிறது என்பதால், அதைச் சார்ஜ் போடாமல் அவர்கள் தூங்குவதே இல்லை.

தனி அறை முறையை ஒதுக்கியதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. எல்லோரிடமும் நல்ல ஆண்ட்ராய்டு போன் இருக்கும் அலுவலகமாக இருந்தால், உதாரணமாக ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் தர ஆய்வுப் பிரிவு போன்ற இடத்தில், நான் தயங்காமல் அதையே சொல்வேன். கேமரா சிக்கல் அதில்தான் முழுமையாகத் தீர்கிறது.

வாட்ஸ்அப்பை விலக்கவில்லை. கூட்ட அறிவிப்பு, வானிலை எச்சரிக்கை, முகாம் தேதி எல்லாம் அதில்தான் போகின்றன. ஆவணம் மட்டும் கூடாது. யாராவது ஊரிலிருந்து ஆதார் படத்தை அனுப்பிவிட்டால் அதைக் கோப்புறையில் சேர்த்துவிட்டு இரண்டு பக்கமும் அழித்துவிட வேண்டும்.

வாங்குவதையே குறைத்ததும் பெரிய உதவியாக இருந்தது. முழு எண் தேவையில்லாத இடங்களில், முதல் எட்டு இலக்கம் மறைத்துக் கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதாரே போதும் என்று எங்கள் படிவங்களை மாற்றினோம். பாஸ்புக்கின் முதல் பக்கம் போதும். வரவு செலவு பக்கங்களை யாரும் கேட்கக்கூடாது. நிவாரணம் கணக்கில் ஏறிய 60 நாளுக்குப் பின் படங்களை அழிப்பது என்று தேதியும் வைத்துவிட்டோம்.

நடைமுறைக்குக் கொண்டுவரும்போது மூன்று பேரோடு இரண்டு வாரம் ஓட்டிவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போனோம். உள்நுழைவுக் கட்டுப்பாட்டு விதிகளை முதலில் ‘அறிக்கை மட்டும்’ என்ற நிலையில் வைத்துப் பார்க்கலாம். யார் யார் தடுக்கப்பட்டிருப்பார்கள் என்று அது காட்டும், தடுக்காது. எந்த விதிக்கும் உட்படாத ஓர் அவசர நிர்வாகக் கணக்கைத் தனியாக வைத்து, அதன் கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி அலுவலகப் பீரோவில் பூட்டியிருக்கிறோம். விதி போட்டவரே வெளியே மாட்டிக்கொண்ட கதைகள் இந்தத் துறையில் நிறைய.

இனி பாக்கி இருப்பது பழைய படங்கள். புதிய வேலி இன்று முதல் வருகிறதைத்தான் காக்கும். மூன்று ஆண்டுகளாகக் கேலரிகளில் சேர்ந்ததை அது தொடாது. தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். எல்லோரும் அலுவலகத்தில் உட்கார்ந்து அவரவர் போனை அவரவரே திறந்து, கேலரி, வாட்ஸ்அப் கோப்புறை, கூகுள் போட்டோஸ் என்ற வரிசையில் துடைக்க வேண்டும். பேக்கப் ஆன படம் அழித்த பிறகும் கூகுள் போட்டோஸின் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். அதையும் காலி செய்தால்தான் வேலை முடியும். யாருடைய கேலரியையும் நான் பார்க்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அழிப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் மட்டும் கேட்டிருக்கிறேன்: எந்த ஊர், எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சென்ற ஆண்டு எழுத முடியாமல் போன அந்தப் பட்டியலை இப்போதாவது எழுதி முடிக்க வேண்டும்.